கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும்

கர்ப்பிணியான ஒரு கூலிப் பெண் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் வேலைக்குப் போகாமல் இருந்தால், அந்த வாரங்களில் அவள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? அந்தச் செலவை யார் ஏற்பது? 1928 ஜூலை 28 அன்று பம்பாய் மாகாண சட்டசபையில் விவாதத்துக்கு வந்த விஷயம் இதுதான். ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகால ஓய்வும் உதவித் தொகையும் தர வேண்டும் என்று ஒரு மசோதா. முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. அரசுத் தரப்புக்கும் அதில் ஆர்வம் இல்லை. மசோதாவுக்கு ஆதரவாக எழுந்து பேசியவர்களில் ஒருவர், அரசால் நியமிக்கப்பட்டு அவைக்கு வந்திருந்த 37 வயது வழக்கறிஞர். அவர்தான் டாக்டர் அம்பேத்கர்.

அம்பேத்கரை நமக்கு அரசமைப்புச் சட்டத்தின் மூலமாகத் தெரியும். மகாத் குளத்தின் மூலமாகவும், பூனா ஒப்பந்தத்தின் மூலமாகவும், நாகபுரி தீட்சையின் மூலமாகவும் தெரியும். சட்டசபையில் ஆஸ்பத்திரிக்காகவும் பிரசவத்துக்காகவும் சுரங்கத் தொழிலாளியின் உடம்புக்காகவும் வாதாடிய அம்பேத்கரை நம் ஊர் மேடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை. அதே சட்டசபை போன்ற ஓர் இடத்தில், அரசின் சார்பில் நின்று, உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையும் அவருக்கு வந்தது. அந்தப் பகுதியை நாம் இன்னும் குறைவாகவே பேசுகிறோம். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் 14-வது குழந்தையாகப் பிறந்தவர் பீமராவ். பிறந்த 14 பேரில் பிழைத்து வளர்ந்தவர்கள் சிலரே. அவருக்கு ஐந்தாறு வயது இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். பின்னாளில் பம்பாய் பரேல் பகுதியில், இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய சாலில் குடும்பம் நடத்தினார். சால் என்றால் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் ஒற்றை அறை வரிசை வீடுகள். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிய பிறகு, நகரத்தைச் சீர்படுத்த உருவாக்கப்பட்டதுதான் அந்த டிரஸ்ட். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கி வந்தவரும் பல ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

அவருக்கும் ரமாபாய்க்கும் ஐந்து குழந்தைகள். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். மூன்று ஆண் குழந்தைகளையும் ஒரு பெண் குழந்தையையும் சாவு கொண்டுபோனது. கடைசிப் பிள்ளை ராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பம்பாய் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927 பிப்ரவரியில் பதவியேற்றார். பிள்ளைகளைப் புதைத்த தகப்பனாகவே அவர் அவைக்குள் போனார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 1928-இல் அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பது எளிதாகப் புரியும்.

அன்றைய சட்டசபைகளின் நடைமுறையை மாணவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் சட்டசபை உறுப்பினர்களுக்கு அரசைக் கேள்வி கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதிகாரி ஒரு பதிலைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் அதோடு முடிந்தது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-இல், அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும் வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. அதே சட்டம் மருத்துவத்தையும் பொது சுகாதாரத்தையும் மாகாணங்களின் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. நிதியை மட்டும் கவர்னரின் தரப்பு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி ஒருவர் பொறுப்பில், கஜானா சாவி இன்னொருவர் இடுப்பில். ஊருக்கு ஒரு மருந்தகம் ஏன் இல்லை என்று கேட்டால் அமைச்சர் பணம் இல்லை என்பார். பணம் ஏன் இல்லை என்று கேட்டால் அது தன் துறை அல்ல என்பார்.

நம் மக்களுக்கு இதைவிடப் பெரிய தடை வேறு இருந்தது. மருந்தகம் இருந்தாலும் உள்ளே போக முடியாது. அம்பேத்கர் அவைக்கு வருவதற்கு முன்பே, 1923 ஆகஸ்ட் 4 அன்று, எஸ்.கே. போலே பம்பாய் சட்டசபையில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். பொதுப் பணத்தில் கட்டிய, பொதுப் பணத்தில் நடக்கும் கிணறு, குளம், சத்திரம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், அலுவலகம், மருந்தகம் ஆகிய அனைத்தும் தீண்டப்படாத மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, 1924 ஆகஸ்ட் 22 அன்று, சென்னை சட்டசபையில் நம் செங்கல்பட்டு மண்ணின் இரட்டைமலை சீனிவாசன் இதே திசையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் என்றது அது. போலே தீர்மானத்தை வைத்துத்தான் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் இறங்கினார். அந்தத் தீர்மானத்தில் குளத்தோடு மருந்தகமும் இருந்தது. வரலாற்றில் குளம் நின்றது, மருந்தகம் மறந்துபோனது.

மருந்தகக் கதவு மூடியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அம்பேத்கரே ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். விசாவுக்காகக் காத்திருத்தல் என்று தலைப்பிட்ட அவருடைய நினைவுக் குறிப்புகளில் அது இருக்கிறது. 1929 டிசம்பரில் காந்தியின் யங் இந்தியா இதழில் வந்த ஒரு கடிதம் அது. எழுதியவர் கத்தியவாரில் சேரிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். அவருடைய மனைவிக்குப் பிரசவமானது. இரண்டு நாளில் உடம்புக்கு முடியாமல் போனது. அழைத்த டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். பெரிய மனிதர் ஒருவர் சொல்லி, கட்டணத்துக்கும் பொறுப்பேற்ற பிறகு வந்தார். வந்தவர் சேரிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். பிள்ளை பெற்ற அந்தப் பெண்ணைத் தூக்கி வந்து அவர் முன்னால் கிடத்தினார்கள். டாக்டர் தன் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது டாக்டரிடம் திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லி மருந்து அனுப்பினார் டாக்டர். நாடி பிடித்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவம் படித்தவர் கையில் கருவி இருந்தது, மருந்தும் இருந்தது. தொடுவது ஒன்றுதான் இல்லை.

1928 விவாதத்துக்கு வருவோம். பேறுகால ஓய்வு என்பது இந்த நாட்டின் நன்மைக்கு வேண்டியது என்று அம்பேத்கர் வாதிட்டார். தாய்க்கு ஓய்வு கிடைத்தால் பலன் பெறுவது நாடு என்பதால், செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது நியாயம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அரசு இன்று ஏற்கவில்லை என்பதற்காக முதலாளியை விட்டுவிட முடியாது என்பது அடுத்த வாதம். பெண்களை வேலைக்கு வைப்பதில் லாபம் இருப்பதால்தானே முதலாளி வைக்கிறார்? லாபம் பெறுகிறவர் பொறுப்பையும் ஏற்கட்டும். வழக்கறிஞர் மூளையும் பொருளாதாரப் படிப்பும் சேர்ந்து பேசிய பேச்சு அது. உணர்ச்சி வசப்பட்டு ஒரு வார்த்தை இல்லை. மத்திய சட்டசபையில் 1924-இல் என்.எம். ஜோஷி கொண்டுவந்த இதே போன்ற மசோதா தோற்றுப்போயிருந்தது. பம்பாயில் அது 1929-இல் சட்டமானது. சென்னை மாகாணத்தில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இரண்டுமே ஆலைப் பெண்களுக்குத்தான். நாற்று நடும் பெண்ணும் களை எடுக்கும் பெண்ணும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வர 1987 வரை நம் வயற்காட்டுப் பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1937 தேர்தலில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவராக வென்று, எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார் அம்பேத்கர். 1938 நவம்பரில், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசு மக்களுக்கு வசதி செய்து தர வேண்டும் என்ற தீர்மானத்தை அவருடைய கட்சியின் ரோஹம் அவையில் கொண்டுவந்தார். அம்பேத்கர் எழுதித் தந்த உரையையே ரோஹம் வாசித்தார். அடிக்கடி பிள்ளை பெறுவதால் தாய் நலிவதும், குழந்தைகள் மடிவதும், வறுமை கூடுவதும் அதில் விரிவாக இருந்தன. தீர்மானம் தோற்றது. அந்தக் காலத்தில் கருத்தடையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே ஒழுக்கக் கேடு என்று நினைத்தார்கள். இங்கே பெரியார் அதே பேச்சைப் பேசி அதே வசவை வாங்கிக்கொண்டிருந்தார்.

இதுவரை அம்பேத்கர் கேட்கும் பக்கத்தில் இருந்தார். 1942 ஜூலையில் இடம் மாறியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். இன்றைய கணக்கில் மத்திய தொழிலாளர் அமைச்சர் என்று வைத்துக்கொள்ளலாம். சுகாதாரத் துறை அவரிடம் இல்லை, அது வேறு உறுப்பினரிடம் இருந்தது. ஆனால் சுரங்கம் அவருடைய துறை. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலும் முதுகெலும்பும் அவருடைய கோப்புகளில்தான் இருந்தன. டெல்லி மத்திய சட்டசபையில் உறுப்பினர்கள் எழுந்து கேட்பார்கள், அவர் பதில் சொல்ல வேண்டும். தொழிலாளர் பிரதிநிதியாக ஜோஷி அங்கே இருந்தார். சென்னையிலிருந்து நம் என். சிவராஜ் இருந்தார்.

முதலில் நல்ல வேலை ஒன்று. சுரங்கப் பெண்களுக்கான பேறுகால உதவிச் சட்டம் 1941-இல் வந்திருந்தது. பிரசவத்துக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம், நாளுக்கு எட்டணா. சட்டத்தின் வாசகங்களில் இருந்த குழப்பம் முதலாளிகள் நழுவுவதற்கு இடம் கொடுத்தது. 1943 ஜூலை 29 அன்று அம்பேத்கர் அதைச் சரிசெய்யும் திருத்த மசோதாவை அவையில் வைத்தார். சிறிய திருத்தம்தான், எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்காது. எட்டணாவுக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு அது பெரிது.

அடுத்து வந்ததுதான் அவருடைய பொதுவாழ்வில் மிகச் சங்கடமான அத்தியாயங்களில் ஒன்று. நம் பத்திகளில் இதை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். விடக் கூடாது என்று நினைக்கிறோம்.

ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கங்களில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வேலை செய்வது பழைய வழக்கம். ஆண் பாறையை வெட்டுவான். பெண் கரியைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, தள்ளுவண்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். பெரும்பாலும் பௌரி சாதியினர், சந்தால் பழங்குடியினர். அதாவது இன்றைய பட்டியலில் உள்ள நம் மக்கள். கர்ப்பிணிகளும் இறங்கினார்கள், கைக்குழந்தையோடும் இறங்கினார்கள். நெடுநாள் எதிர்ப்புக்குப் பிறகு, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைப் படிப்படியாக நிறுத்தும் விதி 1929-இல் வந்து, 1937-இல் முழுத் தடையானது. பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்பாட்டையும் 1938-இல் இந்தியா ஏற்றது.

பிறகு போர் வந்தது. ராணுவ வேலைகளில் கூலி கூடுதல் என்பதால் ஆண்கள் சுரங்கத்தை விட்டு அங்கே போனார்கள். கரி உற்பத்தி சரிந்தது. ரயிலுக்கும் ஆலைக்கும் கரி இல்லை. 1943 ஆகஸ்டில் மத்திய மாகாணத்திலும், பிறகு வங்காளம், பீகார், ஒரிசாவிலும் அரசு அந்தத் தடையை விலக்கியது. பெண்கள் மறுபடி கீழே இறங்கினார்கள். வங்காளத்தில் பஞ்சம் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. உத்தரவு வெளிவந்தது தொழிலாளர் துறையிலிருந்து. துறையின் பொறுப்பாளர் அம்பேத்கர்.

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அகில இந்திய மாதர் மாநாடு கண்டித்தது. அந்த அமைப்பின் ரேணுகா ராய் சுரங்கப் பெண்களுக்காகத் தொடர்ந்து வாதாடினார். லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தியா மந்திரி அமெரியிடமும் கேள்விகள் கேட்கப்பட்டன. 1944 பிப்ரவரி 8 அன்று டெல்லி சட்டசபையில் விஷயம் விவாதத்துக்கே வந்துவிட்டது. 1928-இல் தாய்மாரின் ஓய்வுக்காக வாதாடியவர், இப்போது பெண்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பிய அரசின் சார்பில் எழுந்து நின்றார்.

அவர் என்ன பதில் சொன்னார்? அரசு இதை விரும்பிச் செய்யவில்லை, கரி நெருக்கடி தள்ளிய தள்ளலில் செய்தது, இது தற்காலிக ஏற்பாடு என்றார். ஆண்களுக்கு என்ன கூலியோ அதே கூலி பெண்களுக்கும் தர வேண்டும் என்று விதித்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆண், பெண் வேறுபாடு இல்லாத சமக் கூலி என்பதை இந்தியாவில் ஒரு தொழிலில் கொண்டுவந்தது இதுவே முதல் முறை என்றும் சொன்னார். ஐந்தரை அடிக்குக் குறைந்த உயரமுள்ள சுரங்கப் பாதைகளில் பெண்களை வேலைக்கு விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துக் காட்டினார்.

இந்தப் பதில் போதுமா? சமக் கூலி சின்ன விஷயமல்ல. இன்றும் நம் ஊர்களில் அறுவடைக் கூலி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆனாலும் ஐந்தரை அடி உயர இருட்டுக்குள் கூடை சுமக்கும் கர்ப்பிணிக்குச் சமக் கூலி மட்டும் மருந்தாகிவிடாது. உறுப்பினர்கள் கேட்டது சரியான கேள்வி என்றே நாம் சொல்வோம். அம்பேத்கர் தரப்பில் சொல்ல வேண்டியதும் உண்டு. போர்க்கால அரசில் ஒரு துறையை வைத்திருந்தவர், வைஸ்ராயின் முடிவுகளைத் தனியாக மாற்றிவிட முடியாது. ராஜினாமா செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்திருந்தால் அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்கார்ந்திருப்பார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்தப் பௌரிப் பெண்களுக்கு ஓட்டும் இல்லை, அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் அவையில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சொத்தும் படிப்பும் உள்ளவர்கள் ஓட்டுப் போட்ட அவை அது. அவர்களுக்காகக் கேட்டவர்களும் பிறர், பதில் சொன்னவர் ஒருவர்தான் அவர்களைப் போல ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்.

அவர் செய்ததையும் பார்ப்போம். அந்த விவாதத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1943 டிசம்பரில், தன்பாத் பகுதிக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். 1944 ஜனவரி 31 அன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்திலிருந்து போகும் ஒவ்வொரு டன் கரிக்கும் சில அணா தீர்வை, அந்தப் பணம் தொழிலாளருக்கே. தன்பாத்திலும் ஆசன்சோலிலும் எழுந்த மத்திய ஆஸ்பத்திரிகளும், சுரங்கப் பகுதிகளில் நடந்த மலேரியா ஒழிப்பு வேலையும் அந்த நிதியிலிருந்து வந்தவை. 1945-இல் பேறுகாலச் சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, நிலத்தடியில் வேலை செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு கூட்டப்பட்டது. சுரங்க வாசலில் குழந்தைக் காப்பகமும் குளியலறையும் கட்டாயமாக வேண்டும் என்ற ஏற்பாடுகளும் அவர் காலத்தில் தொடங்கியவையே.

கேள்விகள் ஓயவில்லை. வெளியில் கண்டனமும் ஓயவில்லை. 1946 பிப்ரவரி 1 முதல் தடை திரும்ப வந்தது. அம்பேத்கர் அப்போதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். தற்காலிகம் என்று அவையில் சொன்ன வார்த்தையை, பதவியில் இருந்தபோதே காப்பாற்றினார். ஆனால் தடை பெண்ணின் உடம்பைக் காத்ததே தவிர, கூலியைக் காக்கவில்லை. கீழே இறங்கக் கூடாது என்றால் மேலே வேலை எங்கே என்பதற்கு அந்த உத்தரவில் வழி இல்லை. இரண்டு பேர் கூலியில் ஓடிய குடும்பம் ஒரு கூலிக்கு இறங்கியது.

அந்த நாற்காலியிலிருந்து நம் வீடுவரை வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலாளிக்கு நோய் வந்தால் வைத்தியத்தோடு சம்பள இழப்புக்கும் ஈடு தரும் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க, 1943 மார்ச்சில் பேராசிரியர் அதார்க்கரை அரசு நியமித்தது. 1944 ஆகஸ்டில் அவருடைய அறிக்கை அம்பேத்கரின் மேசைக்கு வந்தது. 1946 நடுவில் அம்பேத்கர் பதவி விலகிய பிறகு, இடைக்கால அரசில் தொழிலாளர் துறைக்கு வந்தவர் ஜெகஜீவன் ராம். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் திசையினர். ஒருவர் பட்டியலினக் கூட்டமைப்பு, இன்னொருவர் காங்கிரஸ். ஆனாலும் ஒருவர் காலத்தில் உருவான திட்டத்தை அடுத்தவர் 1946 நவம்பரில் மசோதாவாக்கி அவையில் வைத்தார். 1948 ஏப்ரலில் அது ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் ஆனது. நாம் இன்று இஎஸ்ஐ என்று சொல்வது அதைத்தான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது.

இந்தப் பிறப்பின் காரணமாக ஒரு நடைமுறை விஷயம் இன்றும் நீடிக்கிறது. இஎஸ்ஐ மருத்துவமனையில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தொழிலாளர் அமைச்சர், சுகாதார அமைச்சர் அல்ல. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி என்றால் அது மாநில சுகாதார அமைச்சருக்குப் போகும், கேட்க வேண்டியவர் உங்கள் சட்டமன்ற உறுப்பினர். மக்களவையில் நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்குப் பதில் எழுத்தில் வரும், துணைக் கேள்வி கிடையாது. தொகுதி உறுப்பினர் சுகாதாரம் பற்றிக் கேட்டார் என்று சொன்னால், எந்த வகையில் கேட்டார் என்று நாம் விசாரிப்பது நல்லது.

அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது அம்பேத்கரின் உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சர்க்கரை நோய், நரம்பு வலி, தூக்கமின்மை. ரமாபாய் 1935 மே மாதமே இறந்துவிட்டார். சிகிச்சைக்காகப் போன இடத்தில் அறிமுகமான டாக்டர் சாரதா கபீரை 1948 ஏப்ரலில் மணந்தார். சவிதா அம்பேத்கர் என்று நாம் அறிவது அவரைத்தான். இன்சுலின் ஊசிக்கும் வரைவுத் தாள்களுக்கும் நடுவில் உருவான அந்தச் சட்டத்தின் 42-வது பிரிவு, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலையும் பேறுகால உதவியையும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. மக்களின் ஊட்டச்சத்தையும் பொது சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது 47-வது பிரிவு. இவை வழிகாட்டும் கோட்பாடுகள் என்ற பகுதியில் இருக்கின்றன. இவற்றைக் காட்டி நேரடியாக வழக்குப் போட முடியாது. அவையில் கேட்கலாம்.

1951-இல் இந்து சட்ட மசோதா விவகாரத்தில் அமைச்சர் பதவியை விட்ட அவர், அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தோற்று, மாநிலங்களவை உறுப்பினராகி, மறுபடியும் கேட்கும் வரிசைக்கே வந்தார். 1956 டிசம்பர் 6 அன்று டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 65. அதற்கு முந்தைய ஆண்டு, 1955 ஜனவரியில், இஎஸ்ஐ திட்டம் தமிழ்நாட்டில் முதலாவதாகக் கோவையில் தொடங்கியிருந்தது.